ஒரு வீரரையும் இழக்காமல் வெல்ல முடியுமா?

கணினியில் கற்பனைப் போர் விளையாட்டு விளையாடும் மாணவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. “என் படையில் ஓர் ஆள்கூட சாகவில்லை!” எதிரியை வென்றதைவிட இதைச் சொல்வதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம்.

அந்த வெற்றி மூன்று வழிகளில் கிடைக்கலாம். ஒன்று, அதிர்ஷ்டம். இரண்டு, ஒருவர் இறந்தவுடன் சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து மறுபடியும் ஆடுவது. மூன்று, இழப்பே வராதபடி முன்கூட்டியே கணக்குப் போட்டு நிற்பது. இந்த மூன்றாவது வழியில்தான் அறிவியல் இருக்கிறது. அதற்குத் தேவையான கணிதம் படிவம் 4 பாடநூலில் வரும் நிகழ்தகவு மட்டுமே.

நிகழ்தகவுக் கணிதத்திற்கும் விளையாட்டிற்கும் உள்ள உறவு பழையது. 1654-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு சூதாட்டச் சிக்கலைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். இன்றைய நிகழ்தகவுக் கோட்பாடு வளர்ந்ததற்கு அந்தக் கடிதங்கள் முக்கியக் காரணம். ஆகவே நாமும் ஒரு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம்.

களத்தை அறிந்துகொள்வோம்

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்பது கணினியில் இலவசமாக விளையாடக்கூடிய ஒரு கற்பனைப் போர் விளையாட்டு. டேவிட் வைட் என்பவர் 2003-இல் இதைத் தொடங்கினார். பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். இதன் கணக்குகள் அனைத்தும் வெளிப்படையாக இருப்பதால் நம் பாடத்திற்கு இது பொருத்தமானது.

களம் முழுவதும் அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தில் ஒருவர் மட்டுமே நிற்கலாம். பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரை மட்டுமே தாக்கலாம். நீங்கள் ஒரு சுற்று ஆடியதும் எதிரி ஒரு சுற்று ஆடுவார்.

நம் பக்கம் ஈட்டி வீரர்கள். ஒவ்வொருவருக்கும் 36 உயிர்ப்புள்ளி. எதிர்ப் பக்கம் ‘கிரன்ட்’ எனப்படும் ஓர்க் அரக்கர்கள். அவர்களுக்கு 38 உயிர்ப்புள்ளி. ஓர் ஓர்க் ஒரு முறை தாக்கும்போது இரண்டு தடவை வாளை வீசும். ஒவ்வொரு வீச்சும் 9 புள்ளி சேதம் தரும்.

இந்த விளையாட்டில் இரவும் பகலும் உண்டு. இரவில் ஓர்க்குகளின் பலம் 25 விழுக்காடு கூடும். அப்போது ஒரு வீச்சு 11 புள்ளி. பகலில் 25 விழுக்காடு குறையும். அப்போது ஒரு வீச்சு 7 புள்ளி. மனிதர்களான ஈட்டி வீரர்களுக்கு இது நேர்மாறு.

ஒவ்வொரு வீச்சும் பட்டே தீரும் என்பதில்லை. நிற்கும் நிலத்தைப் பொறுத்தது அது. ஈட்டி வீரர் புல்வெளியில் நின்றால் ஒரு வீச்சு அவர்மேல் படும் வாய்ப்பு 60 விழுக்காடு. கோட்டையிலோ கிராமத்திலோ மலையிலோ நின்றால் 40 விழுக்காடு. ஆழமற்ற நீரில் நின்றால் 80 விழுக்காடு.

சில வீரர்களுக்குக் கூடுதல் பலம், கூடுதல் உயிர்ப்புள்ளி போன்ற தனிப் பண்புகளும் இருக்கும். கணக்கு எளிமையாக இருக்க அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

எத்தனை பேர் தொட முடியும்?

இரவு நேரம். புல்வெளியில் ஓர் ஈட்டி வீரர் முழு உயிர்ப்புள்ளியோடு நிற்கிறார். அவர் இறப்பதற்கு எத்தனை வீச்சுகள் பட வேண்டும்? மூன்று பட்டால் 33 புள்ளி போகும். இன்னும் 3 புள்ளி மீதம் இருக்கும். நான்காவது பட்டால் 44. ஆள் இல்லை. ஆக, நான்கு என்பதுதான் நாம் நினைவில் வைக்க வேண்டிய எண்.

இரண்டு ஓர்க்குகள் தாக்கினால் மொத்தம் நான்கு வீச்சுகள். நான்குமே பட்டால்தான் வீரர் இறப்பார். ஒரு வீச்சின் முடிவு அடுத்த வீச்சைப் பாதிப்பதில்லை. இவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்கிறோம். சாரா நிகழ்ச்சிகள் அனைத்தும் நடக்கும் நிகழ்தகவைக் காண, தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்.

0.6 × 0.6 × 0.6 × 0.6 = 0.1296

அதாவது ஏறக்குறைய 13 விழுக்காடு.

மூன்று ஓர்க்குகள் தாக்கினால்? ஆறு வீச்சுகளில் நான்கோ அதற்கு மேலோ பட்டால் போதும். இந்தக் கணக்கைச் செய்தால் 54 விழுக்காடு வரும். நாணயத்தைச் சுண்டுவதைவிட மோசமான நிலை இது. ஆறு பக்கமும் ஓர்க்குகள் சூழ்ந்துகொண்டால் 98 விழுக்காடு. அந்த வீரரை மறந்துவிட வேண்டியதுதான்.

நன்றாகக் கவனியுங்கள். இரண்டு பேர் மூன்று பேரானதும் ஆபத்து ஒன்றரை மடங்கு கூடவில்லை. நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆகவே போரில் முதல் கேள்வி “என் வீரர் எவ்வளவு பலசாலி?” என்பதல்ல. “என் வீரரை ஒரே சுற்றில் எத்தனை பேர் தொட முடியும்?” என்பதே.

அதைக் குறைக்கும் வழி, வரிசையாக நிற்பது. வடக்கு தெற்காக நேர் வரிசையில் நின்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்தில் நண்பர்கள், முன்னால் இரண்டு கட்டங்கள், பின்னால் இரண்டு கட்டங்கள். எதிரி முன்னால் உள்ள இரண்டு கட்டங்களிலிருந்து மட்டுமே தாக்க முடியும்.

கிழக்கு மேற்காக நின்றால் வரிசை நேராக இராது. கட்டங்களின் அமைப்பினால் அது மேலும் கீழுமாக வளையும். முன்னே துருத்தி நிற்பவரை மூவர் தாக்கலாம். உள்வாங்கி நிற்பவரை ஒருவர் மட்டுமே தாக்கலாம். காயப்பட்டவருக்கு அந்த உள்வாங்கிய இடமே ஏற்றது. அங்கே இரவில்கூட அவர்மேல் விழக்கூடிய அதிகபட்ச சேதம் 22 புள்ளிதான்.

வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர்களுக்கு ஆபத்து அதிகம். பக்கவாட்டிலும் பின்னாலும் எதிரி சுற்றி வரலாம். அதனால் வரிசையின் முனையை யாரும் ஏற முடியாத மலைச்சுவரிலோ வரைபடத்தின் ஓரத்திலோ முடிப்பது நல்லது.

எங்கே, எப்போது நிற்பது?

அதே இரவு, அதே இரண்டு ஓர்க்குகள். ஆனால் நம் வீரர் இப்போது கோட்டையில் நிற்கிறார். படும் வாய்ப்பு 40 விழுக்காடு.

0.4 × 0.4 × 0.4 × 0.4 = 0.0256

13 விழுக்காடு இரண்டரை விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஒரு வீச்சுக்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் நான்கு முறை பெருக்கும்போது ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. பெருக்கலின் சிறப்பு இது.

இனிப் பகல் நேரத்தைப் பார்ப்போம். ஒரு வீச்சு 7 புள்ளி. இரண்டு ஓர்க்குகளின் நான்கு வீச்சுகளும் பட்டாலும் 28 புள்ளிதான். வீரரிடம் 36 இருக்கிறது. அவர் புல்வெளியில் நின்றாலும் நீரில் நின்றாலும் அந்தச் சுற்றில் இறக்க முடியாது. நிகழ்தகவு 0.

இந்த 0 மற்ற எண்களிலிருந்து வேறுபட்டது. 2.56 விழுக்காடு என்பது ‘பெரும்பாலும் நடக்காது’. 0 என்பது ‘நடக்கவே நடக்காது’. முதலாவதில் நாம் அதிர்ஷ்டத்தை நம்புகிறோம். இரண்டாவதில் அதிர்ஷ்டத்திற்கு வேலையே இல்லை. எதிரியின் எல்லா வீச்சுகளும் பட்டாலும் நம் வீரர் உயிரோடு இருப்பார். பொறியாளர்கள் பாலம் கட்டும்போதும் இப்படித்தான் கேட்கிறார்கள். “வழக்கமாக எவ்வளவு பாரம் வரும்?” என்பதோடு நிறுத்தாமல், “வரக்கூடிய மிக மோசமான பாரத்தையும் இது தாங்குமா?” என்று கணக்கிடுகிறார்கள்.

மூன்றே மூன்று புள்ளி

இரவு, கோட்டை, இரண்டு ஓர்க்குகள் என்ற அதே நிலையில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். நம் வீரர் முந்திய சுற்றில் சிறிய காயம் பட்டு 33 புள்ளியோடு நிற்கிறார். போனது 3 புள்ளிதான். ஆபத்து எவ்வளவு கூடும்?

இப்போது மூன்று வீச்சுகள் பட்டாலே 33 புள்ளியும் போய்விடும். நான்கில் மூன்றோ நான்கோ பட வேண்டும். அதன் நிகழ்தகவு:

(4 × 0.4 × 0.4 × 0.4 × 0.6) + 0.0256 = 0.1792

இரண்டரை விழுக்காடு 18 விழுக்காடாகிவிட்டது. ஏழு மடங்கு! உயிர்ப்புள்ளி சீராகக் குறைந்தாலும் ஆபத்து சீராகக் கூடுவதில்லை. ஒரு வரம்பைத் தாண்டியதும் திடீரென ஏறுகிறது. இதை வாசல் விளைவு என்று சொல்லலாம். தண்ணீர் 99 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருந்து, 100 பாகையில் கொதிக்கத் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள்.

திறமையான ஆட்டக்காரர்கள் காயப்பட்ட வீரரை உடனே பின்னால் அனுப்புவது இதற்காகத்தான். ஒரு கிராமத்தில் நின்றால் சுற்றுக்கு 8 புள்ளி திரும்பக் கிடைக்கும். “இன்னும் நிறைய உயிர் இருக்கிறதே” என்று முன்வரிசையில் விட்டு வைப்பவர்கள்தான் பெரும்பாலும் ஆளை இழக்கிறார்கள்.

சிறிய ஆபத்து, பல முறை

கோட்டையில் நின்றால் 2.56 விழுக்காடுதான் ஆபத்து என்று பார்த்தோம். இது போதுமான பாதுகாப்பா?

வெஸ்னாத்தில் ஒரு நாள் என்பது ஆறு சுற்றுகள். அவற்றில் இரவு இரண்டு சுற்றுகள். ஐந்து வீரர்கள் வரிசையில் நின்றால் ஓர் இரவில் பத்து தடவை இந்த ஆபத்தைச் சந்திக்கிறோம். எளிமைக்காக, ஒவ்வொரு முறையும் வீரர் முழு உயிர்ப்புள்ளியோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு தடவை தப்பிக்கும் நிகழ்தகவு 0.9744. பத்து தடவையும் தப்பிக்க வேண்டுமானால் இதைப் பத்து முறை பெருக்க வேண்டும். கணிப்பானில் செய்து பாருங்கள். ஏறக்குறைய 0.77 வரும். அதாவது ஓர் ஆளையாவது இழக்கும் வாய்ப்பு 23 விழுக்காடு. ஏறக்குறைய நான்கு இரவுகளில் ஓர் இரவு!

புல்வெளியில் நின்றிருந்தால்? ஒரு தடவைக்கு 13 விழுக்காடு. பத்து தடவைக்கு 75 விழுக்காடு. “13 விழுக்காடுதானே, பரவாயில்லை” என்று ஒவ்வொரு முறையும் நினைத்தவர், விடியும்போது பெரும்பாலும் ஒருவரை இழந்திருப்பார். பிறகு “என் அதிர்ஷ்டம் சரியில்லை” என்பார். அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. கணக்கு முன்பே சொன்னதுதான் நடந்தது.

அப்படியானால் இழப்பில்லாமல் ஆடுபவர் இரவில் என்ன செய்வார்? மோதலையே தவிர்ப்பார். எதிரி எட்ட முடியாத தூரத்திற்குப் பின்வாங்குவார். விடியும்போது எதிரி ஆற்றைக் கடந்து வருமாறு கரையில் காத்திருப்பார். கணினி ஆடும் எதிரி பொறுமையாகக் காத்திருப்பது குறைவு. பெரும்பாலும் முன்னேறி வந்து தாக்கும்.

பகலில் ஆற்றுக்குள் நிற்கும் ஓர்க்கின் நிலையைப் பாருங்கள். நம் ஈட்டி வீரர் ஒரு தாக்குதலில் மூன்று தடவை குத்துவார். பகலில் ஒரு குத்து 9 புள்ளி. இரண்டு வீரர்கள் சேர்ந்தால் ஆறு குத்துகள். 38 புள்ளியைத் தீர்க்க ஐந்து குத்துகள் பட வேண்டும். ஓர்க் புல்வெளியில் நின்றால் அதன் வாய்ப்பு 23 விழுக்காடு. நீரில் நின்றால் 66 விழுக்காடு. வீரர்களும் ஓர்க்கும் அதேதான். இடமும் நேரமும்தான் மாறின.

மறுபடி ஏற்றுவது வெற்றியா?

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வழிக்கு வருவோம். ஒரு வீரர் இறந்ததும் சேமித்த ஆட்டத்தைத் திறந்து அதே நகர்வை மறுபடி செய்கிறோம். மீண்டும் இறந்தால் மீண்டும் திறக்கிறோம். மூன்றாவது தடவை அவர் பிழைத்துவிடுகிறார். முடிவில் “இழப்பே இல்லை” என்ற திரை வருகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் செய்தால் என்னவாகும்? ஒரு சோதனையை மூன்று முறை செய்கிறீர்கள். இரண்டு முறை எதிர்பார்த்த விடை வரவில்லை. மூன்றாவது முறை வந்ததை மட்டும் குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள். அந்தக் குறிப்பைப் படிப்பவருக்குச் சோதனை எப்போதும் அந்த விடையைத்தான் தரும் என்று தோன்றும். அது உண்மையல்ல. பிடித்த முடிவை மட்டும் பொறுக்கி எடுப்பதை அறிவியல் ஏற்பதில்லை.

விளையாட்டில் மறுபடி ஏற்றுவது குற்றமல்ல. அது உங்கள் பொழுதுபோக்கு. ஆனால் அப்படிக் கிடைத்த வெற்றியைக் கொண்டு “என் திட்டம் நல்ல திட்டம்” என்று முடிவு செய்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு முறை தோற்ற திட்டம் அது.

மறுபடி ஏற்றுவதைப் பயனுள்ளதாக மாற்றவும் வழி உண்டு. ஒரே நகர்வை இருபது தடவை செய்து, எத்தனை தடவை இழப்பு வந்தது என்று எழுதி வையுங்கள். பிறகு வேறோர் அணிவகுப்பை இருபது தடவை செய்து ஒப்பிடுங்கள். அப்போது அது ஏமாற்று வழியாக இல்லாமல் நேர்மையான சோதனையாகிவிடும்.

பூஜ்யத்திற்கும் விலை உண்டு

எந்த ஆபத்தும் இல்லாமல் ஆடுவதுதான் எப்போதும் சிறந்ததா? அதுவும் இல்லை. வெஸ்னாத்தின் பல கட்டங்களை இத்தனை சுற்றுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி உண்டு. சீக்கிரம் முடித்தால் கூடுதல் பொன்னும் கிடைக்கும். ஒவ்வோர் இரவும் பின்வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு வீரரும் இறக்காமலேயே நேரம் முடிந்து தோற்றுப்போகலாம்.

ஆகவே நல்ல ஆட்டக்காரர் ஆபத்தே இல்லாமல் ஆடுபவர் அல்ல. எங்கே ஆபத்தை ஏற்கிறோம், அது எவ்வளவு, அதற்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்து ஆடுபவர். பல போர்களில் அனுபவம் பெற்று உயர்ந்த வீரரை 13 விழுக்காட்டு ஆபத்தில் நிறுத்துவது வீண். அதே ஆபத்தை ஏற்றால் ஆட்டமே முடியும் என்றால் அதை யோசித்துப் பார்க்கலாம்.

திரைக்கு வெளியே

மாணவர்களே, இந்தக் கணக்கைத் திரையோடு விட்டுவிட வேண்டாம். நம் நாட்டில் 16 வயது நிரம்பியவர்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். “பக்கத்துக் கடைக்குத்தானே, தலைக்கவசம் எதற்கு?” என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். “இத்தனை நாள் போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பது அடுத்த வாதம்.

ஒரு பயணத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது உண்மைப் புள்ளிவிவரம் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். ஒரு நாளைக்கு இரண்டு பயணம் என்றால் 500 நாளில் ஆயிரம் பயணங்கள். 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கினால் 0.37 வரும். ஒரு முறையாவது விபத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு. ‘ஆயிரத்தில் ஒன்று’ இப்படித்தான் வளர்கிறது.

தலைக்கவசம் விபத்தைத் தடுப்பதில்லை. விபத்து நேர்ந்தாலும் உயிர் தப்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கோட்டையில் நிற்கும் ஈட்டி வீரருக்குக் கிடைத்ததும் அதுதான். ஆய்வுக்கூடத்தில் அணியும் கண்ணாடியும் அப்படியே. ஒரே ஒரு வேறுபாடு: அங்கே சேமித்த ஆட்டத்தைத் திறக்கும் பொத்தான் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

1 முதல் 10 வரை எழுதிய பத்துத் துண்டுச்சீட்டுகளை ஒரு பையில் போடுங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். 1 முதல் 4 வரை வந்தால் வீச்சு பட்டது. நான்கு முறை எடுத்தால் ஒரு சுற்று. நான்குமே பட்டால் வீரர் இறந்தார். நண்பர்களோடு சேர்ந்து 100 சுற்றுகள் செய்யுங்கள். இறப்பு எத்தனை? கணக்குப்படி இரண்டு அல்லது மூன்றை ஒட்டி வர வேண்டும். பிறகு 1 முதல் 6 வரை வந்தால் பட்டதாக மாற்றி மறுபடியும் 100 சுற்றுகள் செய்து ஒப்பிடுங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி. அந்தி நேரத்தில் ஓர்க்கின் பலம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு வீச்சு 9 புள்ளி. இரவில் 11. முழு 36 புள்ளியோடு புல்வெளியில் நிற்கும் வீரரை இரண்டு ஓர்க்குகள் தாக்குகின்றன. அவர் உயிர் தப்ப, இரவைவிட அந்தி நேரம் பாதுகாப்பானதா? ‘ஆமாம்’ என்று சொல்வதற்கு முன் 9-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள். அவரிடம் 37 புள்ளி இருந்திருந்தால் விடை என்ன என்பதையும் கண்டுபிடியுங்கள்.